பாந்த்ரா மலையில் ஒரு மெழுகுக் கை

மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, அன்னை மரியாவின் மவுண்ட் மேரி ஆலயம் தொலைவான இடமன்று; மாகிமில் ரயில் ஏறினால் அடுத்த நிலையமே பாந்த்ரா, அங்கிருந்து ஆட்டோவில் மலைக்குப் போய்விடலாம். அன்னை மரியாவின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8-ஐ ஒட்டிவரும் ஞாயிறன்று தொடங்கி ஒரு வாரம் நடைபெறும் திருவிழாவுக்கு, பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த அப்பாவை இவ்வாண்டும் அழைத்துச் சென்றோம். செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நாங்கள் போட்ட கணக்கு பொய்த்தது.

ஆலயத்துக்கு வெளியே உள்ள கடைகளில் வேண்டுதல்களெல்லாம் மெழுகில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு இருக்கும். கை, கால், இதயம், வீடு, குழந்தை என்று அவரவர் கேட்பதை வாங்கி மாதாவின் முன் வைக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு விமானம்கூட உண்டு. சிலுவையறியாத இந்துக்களும் பார்சிகளும் அதே வரிசையில் நிற்பார்கள். தோல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் கத்தி பிடித்த அப்பாவின் கைக்காக, மூன்று ஆண்டுகளாக நாங்கள் வைத்தவை மூன்று மெழுகுக் கைகள்.

இந்த ஆலயத்தின் வரலாற்றிலும் ஒரு கை உண்டு. இயேசு சபைத் துறவியர் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து கொண்டுவந்த மாதா சிலையின் வலக்கையை, அது பிடித்திருந்த பொன்முலாம் பூசிய பொருளுக்கு ஆசைப்பட்டு, 1700-இல் கடற்கொள்ளையர் வெட்டியெடுத்தார்கள் என்பது வரலாறு. சிலை சீர்செய்யப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டது 1761-இல். அறுபது ஆண்டுக்கும் மேலான இடைவெளி! எங்கள் மூன்று ஆண்டுப் பொறுமையின்மையை நினைத்து வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். அப்போதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. அப்பா மருத்துவமனையில் கிடந்த நாள்களில் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதலாகச் சொன்னதுதான் என்றாலும், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்தியதுபோல் எனக்குப் பட்டது. அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு, கைக்குச் சொல்லித்தந்த பயிற்சிகளை நிறுத்திவிட்டு, ஆண்டவர் விருப்பம் இதுதான் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதைப் பணிவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. கடவுளிடம் கோபித்துக்கொண்டு மூலையில் உட்காருவதற்கு நாம் வைத்த மரியாதையான பெயர் அது.

வரிசையில் நின்றபடியே ஜெபமாலை சொன்னோம். செவ்வாய் என்பதால் துயர மறையுண்மைகள், அதாவது இயேசு பட்ட பாடுகளைத் தியானிக்கும் பகுதி. அவற்றில் முதலாவது, ஆண்டவர் இயேசு கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை சிந்தியது. சிறுவயதிலிருந்து சொல்லிவருவதுதான், அன்று அந்த நெரிசலில் சற்றே நின்று யோசித்தேன். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று அவர் முதலில் வேண்டினார், அதன்பின்தான் "உம் விருப்பப்படியே ஆகட்டும்" என்றார். அதுவும் ஒரே முறை சொல்லி முடித்துவிடவில்லை, மூன்று முறை எழுந்துபோய் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்கிறது மத்தேயு நற்செய்தி. அன்னை மரியாவும், இயேசுவைப் பெற்றெடுப்பார் என்று அறிவித்த வானதூதரிடம் "இது எப்படி நிகழும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்றார். கேள்வியைத் தூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்படியானால் இறைவனின் திருவுளத்துக்குப் பணிவது என்பது ஆசையை மறைத்துக்கொள்வதன்று, ஆசை முழுவதையும் அவர் முன் கொட்டிவிட்டு, பதிலை அவர் கையில் விட்டுவிடுவது. "உமது திருவுளம் நிறைவேறுக" என்று நாள்தோறும் சொல்லும் நாம், கொட்டுவதையும் செய்வதில்லை, விடுவதையும் செய்வதில்லை.

கடை முன் வந்ததும் அப்பா, "இந்த வருஷம் கை வேண்டாம்மா, சாதா மெழுகுவர்த்தி போதும்" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "கேக்கதுல என்ன தப்பு? நான் கேப்பேன்" என்று சொல்லி மெழுகுக் கை ஒன்றை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டார். இருவரில் யார் சரி என்று அங்கே நின்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கெத்சமனி வேண்டுதலின் முதல் பாதியை அம்மாவும் மறு பாதியை அப்பாவும் எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வலக்கை எழாமல் போனதிலிருந்து அப்பா சிலுவை அடையாளம் வரைவதையே விட்டிருந்தார். இடக்கையால் வரைவது முறையன்று என்று அவருக்குள் ஒரு பிடிவாதம். பங்குச் சாமியார் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பூசையில் எல்லோர் கையும் நெற்றிக்குப் போகும் நேரத்தில் அவர் தலைகுனிந்து நிற்பார்.

பீடத்துக்கு முன் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. தன்னார்வலர் ஒருவர் மராத்தியில் நகரச் சொல்லிக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பா இடக்கையை எடுத்து நெற்றியில் வைத்தார், பிறகு நெஞ்சில், அதன்பின் எந்தத் தோளுக்கு முதலில் போவது என்று குழம்பிச் சற்று நின்றார். அம்மா மெல்ல அவர் இடத்தோளைத் தொட்டுக் காட்டினார்.

வெளியே வந்தபோது கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பயிற்சிக்குப் போக எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அப்பா கேட்டார்.