பிக்கப் நாட்குறிப்பு: தை மாதத்து டக டக

20 ஜனவரி 2025, திங்கள்

பாச்சலூரில் பீன்ஸ் ஏற்றப் போகும்போதுதான் முதலில் காதில் விழுந்தது. வடகாடு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் வெட்டிவிட்ட பாறை. பள்ளத்துப் பக்கம் ஜன்னல் இருந்தால் ஒன்றும் தெரியாது. பாறை என் பக்கம் வந்தபோது இன்ஜின் சத்தம் அப்படியே திரும்பி வந்து காதில் அறைந்தது. அதற்குள் ஒரு பொடி 'டக டக டக'. தகர டப்பாவில் கொட்டைப் பாக்கைப் போட்டுக் குலுக்கியதுபோல.

மேலே போய் நிறுத்தி ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் சரியான அளவில் இருந்தது. தண்ணீர் குறையவில்லை, சூடு முள்ளும் நடுவில்தான். லோடு ஏற்றுகிற அண்ணன், "டேப்பட் தாம்ப்பா, எல்லா டீசலும் இப்படித்தான் கத்தும்" என்றார். வால்வைத் தட்டித் திறக்கிற பாகத்தைச் சொல்கிறார். பதினாலு வருஷமாக இந்த டீசல் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது வேறு.

வண்டியைப் பற்றி ஒருமுறை எழுதிவிடுகிறேன். 2011 மாடல், நாலு சிலிண்டர் டீசல், பழைய மெக்கானிக்கல் பம்ப். கம்ப்யூட்டர், சென்சார் என்று ஒன்றும் கிடையாது. அப்பா வாங்கியது. கிலோமீட்டர் மீட்டர் 3,12,000 சொச்சத்தில் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. மார்ச்சில் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று).

21 ஜனவரி, செவ்வாய்

விடியற்காலை 5 மணிக்குத் தெரு அடங்கியிருக்கும்போது செல்ஃப் போட்டேன். பனி நேரம், இன்ஜின் ஐஸ் மாதிரி இருந்தது. சத்தம் உடனே வந்தது. பத்து நிமிடம் ஓடிச் சூடானபிறகும் போகவில்லை. குளிரில் கத்திச் சூட்டில் அடங்கினால் பிஸ்டன் ஆட்டமாக இருக்கும், அல்லது மேனிஃபோல்டு பேக்கிங் கசிவு. இது இரண்டும் இல்லை.

க்ளட்சை மிதித்தேன், விட்டேன். மாற்றமில்லை. அப்படியானால் க்ளட்ச் பேரிங்கும் கியர் பாக்ஸும் இல்லை. நின்ற இடத்திலேயே ரேஸ் பண்ணினால் சத்தமும் கூடவே ஏறுகிறது. ஆக வண்டி ஓடினால்தான் சுற்றுகிற கிராஸ், வீல் பேரிங், ஹவுசிங் எல்லாம் தப்பித்தன. இன்ஜினில்தான்.

மகள் எழுந்து வந்து, "அப்பா, வண்டி பல்லைக் கடிக்குது" என்றாள். இதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

22 ஜனவரி, புதன்

பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் காட்டினேன். பானட்டைத் தூக்கி, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கில் ஊன்றிப் பிடியில் காதை வைத்துக் கேட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பிக் எண்ட் போயிருச்சுண்ணே. ஒண்ணாம் சிலிண்டர். இன்ஜினை இறக்கணும். இறக்கினா லைனர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் சேர்த்தே பார்த்துடலாம்."

பிக் எண்ட் என்றால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கன்ராடின் கிராங்க் பக்கத்துப் பேரிங். மொத்தம் 65,000. பத்து நாள் வண்டி நிற்கும். தைப்பூசத்துக்கு முன்னால் பத்து நாள்!

வீட்டில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்க, உங்க அப்பா ஒருத்தர்கிட்டயே காட்டுவாரே, திண்டுக்கல்ல, அந்த பாய் இருக்காரா?" என்றாள்.

24 ஜனவரி, வெள்ளி

பாய் இருக்கிறார். பேகம்பூரில் அதே சந்து, அதே வேப்பமரம். கண்தான் கொஞ்சம் மங்கல். பேரன் ஸ்பேனர் பிடிக்கிறான், இவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறார். வண்டியைப் பார்த்ததும் என்னைக் கேட்கவில்லை, "அப்பா போயி எத்தனை வருஷமாச்சு தம்பி?" என்றுதான் கேட்டார்.

பிக் எண்ட் என்று சொன்னதைச் சொன்னேன். "இருக்கலாம். கேட்டுப் பார்த்துடுவோம், இறக்காமலே" என்றார்.

அவர் செய்ததை விரிவாகவே எழுதி வைக்கிறேன். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற பைப்பின் நட்டைப் பேரன் ஒரு சுற்று தளர்த்தினான். டீசல் வெளியே கசிந்துவிடும், அந்த சிலிண்டர் எரியாது, இன்ஜின் நொண்டும். கன்ராடு பேரிங் தேய்ந்திருந்தால், எரிகிற அடி இல்லாதபோது அந்த சிலிண்டரின் தட்டல் குறையும் அல்லது மாறும். ஒன்றைத் தளர்த்தினான், சத்தம் அப்படியே. இரண்டு, அப்படியே. மூன்றாவதில் இன்ஜின் நொண்டல் மற்றதைப்போல் பெரிதாக இல்லை, ஆனால் 'டக டக' மாறவில்லை. நாலும் அப்படியே.

"பிக் எண்ட் இல்ல. மூணாம் நாசில் ஒழுகுது, அது வேற கதை."

இந்தச் சோதனையை கம்ப்யூட்டர் வைத்த புது காமன் ரெயில் டீசல் வண்டியில் செய்யக் கூடாது. அதில் பைப்பில் நிற்கிற அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலே போகும், கையைத் துளைத்துவிடும். அதில் நாசிலின் ஒயரைக் கழற்றித்தான் பார்ப்பார்கள். பேரனுக்கு இதை அவர் இரண்டுமுறை சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு டேப்பட் கவரைத் திறந்தார்கள். நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆடுகிற இடத்தில் கிராங்கை நிறுத்தினால் ஒன்றாம் சிலிண்டருக்கு வால்வு கேப் (இடைவெளி) வைக்கலாம். அப்படியே 1, 3, 4, 2 என்று எரிகிற வரிசையில் போக வேண்டும். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி அளக்கிற ஃபில்லர் கேஜ் தொளதொளவென்று போய்வந்தது. சரிசெய்து மூடினார்கள். ஒரு சன்னமான தட்டல் குறைந்தது. பெரிய 'டக டக' சிரித்துக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது பாய் ஒன்று சொன்னார். "டேப்பட்னா கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா ஒரு தட்டு. காதால எண்ணலாம். இது எண்ண முடியாம பொடியா வருது பாரு. எதுவோ கிராங்கைவிட வேகமாச் சுத்துது." அப்போது எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

ஆயில் மாற்றும் நேரமும் வந்திருந்ததால் வீட்டு வாசலிலேயே இறக்கினேன். பழைய ஆயிலை வெள்ளை பக்கெட்டில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். மினுமினுப்பு இல்லை. வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவினேன், சும்மா கருப்புச் சேறு. பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் ஃபில்டரையும் அறுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அறுத்த பொடியே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும் என்று பாய் போனிலேயே கத்தினார். தகரம் வெட்டுகிற கத்தரியால் வெட்டினேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை விரித்தால் செம்பு நிறத்துளியும் இல்லை, வெள்ளித்தூளும் இல்லை.

65,000 ரூபாய் கொஞ்சம் தூரமாகத் தெரிந்தது. 15டபிள்யூ40 ஆயில் ஊற்றி மூடினேன்.

28 ஜனவரி, செவ்வாய்

நாசில் சர்வீஸ். நாலையும் கழற்றி டெஸ்டரில் மாட்டி அமுக்கியபோது மூன்று நாசில் பனிபோலத் தூவின, மூன்றாவது மட்டும் குழாய்போல ஒழுகியது. முனையை மாற்றியாச்சு. ஏற்றத்தில் கருப்புப் புகை குறைந்திருக்கிறது. பிக்கப்பில் பிக்கப் வந்திருக்கிறது.

சத்தம் போகவில்லை. ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டியும் பார்த்தார்கள். சூடான இன்ஜின், ஸ்லோவில் 1 பாருக்குக் கொஞ்சம் மேல், 2,000 சுற்றில் 3 பார். பிழையில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

30 ஜனவரி, வியாழன்

கை இன்னும் நடுங்குகிறது, அதனால் சுருக்கமாக.

பழனி ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். பச்சையும் காவியும், காவடியும், தோளில் பிள்ளைகளும். காலை 4:30க்கு முருங்கைக்காய் லோடுடன் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டி திடீரென்று குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தால் கல். கட்டை மாதிரி நின்றது பெடல். இரண்டு காலையும் வைத்து எழுந்து நின்று மிதித்தேன். வண்டி நின்றது. பாட்டிக்கு ஒன்றும் தெரியாது, "முருகா" என்று போய்விட்டார்.

ஓரம்கட்டி உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன நினைத்தேனோ, பிரேக்கை நாலைந்து தடவை பம்ப் பண்ணினேன்.

சத்தம் மாறியது.

ஒவ்வொரு மிதிக்கும் 'டக டக' ஒரு நொடி தடுமாறி, மறுபடி பழையபடி. பிரேக்குக்கும் இன்ஜின் சத்தத்துக்கும் என்ன உறவு?

இரவு 9 மணி: இன்ஜினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். நல்ல வண்டியில் பெடல் சட்டென்று கீழே இறங்க வேண்டும். என்னுடையது முக்கி முனகி அரை நிமிடம் கழித்து இறங்கியது. பாய்க்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "வேக்கம் பம்ப் தம்பி. என் காதும் கிழவனாயிருச்சு. மூணு நாளா டைனமோ மூஞ்சியிலதான் நின்னுக்கிட்டு இருந்தோம்."

31 ஜனவரி, வெள்ளி

பாய் பட்டறைக்கு மெதுவாக, ஹேண்ட் பிரேக்கை நம்பிப் போனேன்.

முதலில் டைனமோவையும் அதோடு வேக்கம் பம்ப்பையும் சுற்றுகிற ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார்கள். பெல்ட் இல்லாமல் இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது, வாட்டர் பம்ப்பும் நின்றிருக்கும். வண்டியை நகர்த்தவே கூடாது, பிரேக் இருக்காது. ஸ்டார்ட் பண்ணினான் பேரன்.

அமைதி. டீசலின் வழக்கமான கடகடப்பு மட்டும். பதினோரு நாளாகத் தேடிய சத்தம் ஒரு பெல்ட்டோடு கையில் வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. இதை 21ஆம் தேதி காலையில் வாசலிலேயே நான் செய்திருக்கலாம். க்ளட்சை மிதித்துப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் பண்ணியவனுக்கு இது தோன்றவில்லை.

தெரியாதவர்களுக்காக: பெட்ரோல் வண்டியில் இன்ஜின் உறிஞ்சுகிற இழுவையே, பெடலை இலகுவாக்குகிற பிரேக் பூஸ்டருக்குப் போதும். டீசலில் அந்த இழுவை கிடையாது. அதனால் இந்த மாதிரி வண்டிகளில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் முதுகில் ஒரு சின்ன பம்ப் ஒட்டியிருக்கும், அதுதான் வேக்கம் பம்ப். உள்ளே ஒரு உருளை, அதன் வெட்டுகளில் வழுக்கி ஓடுகிற தகடுகள். டைனமோ சுற்றும்போது தகடுகள் சுவரை உரசி ஓடிக் காற்றை இழுத்து வெளியேற்றும். உரசித் தேயாமல் இருக்கவும் இடைவெளியை அடைக்கவும் இன்ஜின் ஆயில் ஒரு சன்னப் பைப்பில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆயில் வராவிட்டால் தகடு தாவித் தாவிச் சுவரை அடிக்கும், இழுவையும் குறையும். சத்தம் ஒரு பக்கம், கல் பிரேக் இன்னொரு பக்கம். டைனமோ புல்லி சின்னது, கிராங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சுற்றும். அதுதான் எண்ண முடியாத பொடி. டைனமோ பிளாக்கோடு முறுக்கப்பட்டிருக்கிறது, இரும்பு சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றாம் சிலிண்டரில் வைத்துவிட்டது. பைபாஸ் பட்டறையார் கேட்டது பொய்யில்லை. ஊன்றிய இடம்தான் தவறு.

சரி, ஆயில் ஏன் வரவில்லை? பைப்பின் முனையில், நடுவில் துளை உள்ள போல்ட்டைக் கழற்றினான் பேரன். துளையில் சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி. குண்டூசியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

பேக்கிங் பேஸ்ட்.

"எவன்டா இங்க பேஸ்ட் போட்டவன்?" என்றார் பாய்.

நான்தான். போன ஆடியில் அந்த இடத்தில் ஆயில் கசிந்தது. இரண்டு செம்பு வாஷர் மாற்ற வேண்டிய இடம். கடை பூட்டியிருந்தது, லோடு காத்திருந்தது, டூல் பாக்ஸில் பேஸ்ட் ட்யூப் இருந்தது. தாராளமாகத் தடவி முறுக்கினேன். கசிவு நின்றது என்று பெருமையாக இருந்தது. கசிய ஆயிலே வரவில்லை.

பாயிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேரனைப் பார்த்து, "பார்த்துக்கோ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

2 பிப்ரவரி, ஞாயிறு

பம்ப்பைப் பிரித்தால் தகடுகளின் ஓரம் கத்திபோலத் தேய்ந்து, சுவரில் அலை அலையாகத் தழும்பு. தகடு மட்டும் மாற்றினால் அந்தத் தழும்பிலேயே மறுபடி தாவும் என்றார். முழு பம்ப் வாங்கினேன். 2,400 ரூபாய். செம்பு வாஷர் இரண்டு 20 ரூபாய். இருபது ரூபாயை மிச்சம்பிடித்தவனின் கணக்கு இது.

மாட்டுவதற்கு முன் ஆயில் பைப்பைக் காற்றடித்துச் சுத்தம்செய்து, பம்ப்புக்குள் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டார்கள். முதல் சில நொடிகள் காய்ந்து ஓடக் கூடாதாம். பெல்ட் இழுவை கட்டைவிரலால் அமுக்கினால் 10 மி.மீ. இறங்கும் அளவு. ஆயில் ரிட்டர்ன் ஹோஸும் உள்பக்கம் ஊறிப் பஞ்சாக இருந்ததால் அதையும் மாற்றினோம்.

செல்ஃப் போட்டதும் பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிரேக் பெடல் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கூலி எவ்வளவு என்றேன். சொன்ன தொகையை எழுதினால் வெட்கமாக இருக்கும். கூடவே பழனி போகும்போது ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவரச் சொன்னார்.

4 பிப்ரவரி, செவ்வாய்

பாச்சலூர் லோடு. வேண்டுமென்றே ஜன்னலை இறக்கிவிட்டு, அதே பாறைச் சுவர் ஓரமாக இரண்டாவது கியரில் ஏறினேன். இன்ஜின் திரும்பி வந்தது, டக டக வரவில்லை. மேலே டீக்கடையில் ஒரு டீ.

இறங்கும்போது ஒரு 'கிண் கிண்'. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றேவிட்டது. ஓரம்கட்டிக் கேட்டால் நின்ற இடத்தில் இல்லை, குழியில் மட்டும். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டூல் பாக்ஸில் ஜாக்கியும் லிவரும் முட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அந்த பேஸ்ட் ட்யூப், பாதி பிதுக்கியபடி. லிவரைச் சாக்கில் சுற்றிவைத்தேன். ட்யூபைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன், எஃப்சிக்கு முன்னால் கேபின் கண்ணாடி ஓரத்து ஒழுகலை அடைக்க வேண்டியிருக்கிறது. திரும்ப உள்ளேயே வைத்துவிட்டேன்.