இரண்டு மில்லிமீட்டர் புடைப்பும் மூன்று ஆஞ்சியோவும்

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மூளையில் ரத்தக்கசிவு வந்தது அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனப்பட்டுப் பலூன்போல் புடைப்பது) வெடித்துத்தான். பெற்றோர், உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்று நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஏ. (எம்.ஆர்.ஐ. கருவியில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ) எழுதிக் கொடுத்தார். எனக்குத் தலைவலிகூடக் கிடையாது.

எம்.ஆர்.ஏ.வில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஓடும் ரத்தமே படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தால் போதும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இதன் கண் மங்கிவிடும். மூளையின் முன், பின் ரத்தக்குழாய்களை இணைக்கும் இடது பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடத்தில் 2 மில்லிமீட்டர் புடைப்பு. அனியூரிசமா, இன்ஃபண்டிபுலமா என்று சொல்ல முடியவில்லை என எழுதியிருந்தார்கள்.

இன்ஃபண்டிபுலம் என்றால் கிளை பிரியும் இடம் புனல்போல் அகன்றிருப்பது. பெரும்பாலும் தொந்தரவு தராது. புனலின் நுனியிலிருந்து கிளைத் தமனி கிளம்புகிறதா என்பதுதான் கேள்வி. கிளம்பினால் இன்ஃபண்டிபுலம்.

அடுத்து சி.டி. ஆஞ்சியோ. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக அயோடின் மருந்து ஏற்றுவதால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று அறிய முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்ற சந்தேகம் வரும், போயிருக்காது. படம் எடுப்பது சில நொடி வேலை. அண்ணனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது இதையே எடுத்ததன் காரணம் அந்த வேகம்தான். என் விஷயத்தில் பலனில்லை. மண்டையோட்டின் அடித்தள எலும்பு பக்கத்திலேயே இருந்து மறைத்தது, கிளைத் தமனியோ மிக மெல்லியது.

மிஞ்சியது டி.எஸ்.ஏ., அதாவது ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோ. 1927இல் லிஸ்பனில் போர்ச்சுகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த முறையின் இன்றைய வடிவம். மற்ற இரண்டுக்கும் உரைகல் இதுதான். மருந்து செலுத்துவதற்கு முன் எடுத்த படத்தைப் பின்னால் எடுத்ததிலிருந்து கழித்துவிடுவதால் எலும்பு மறைந்து ரத்தக்குழாய் மட்டும் நிற்கும். கதீட்டர் என்ற அந்த மெல்லிய குழாய் கழுத்துத் தமனிவரை போவதால் பக்கவாத அபாயம் உண்டு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்திடும்போது அந்த 'ஒன்று' பெரிதாகத்தான் தெரிந்தது. மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். இடது கண்ணைச் சுற்றி வெப்பம் பாய்ந்தது, வலி இல்லை.

சுழற்றி எடுத்த முப்பரிமாணப் படத்தில் நுனியிலிருந்து கிளை கிளம்புவது தெளிவாகத் தெரிந்தது. இன்ஃபண்டிபுலம்தான்.

அறிகுறி எதுவும் இல்லாதவர் எடுத்த எடுப்பிலேயே டி.எஸ்.ஏ. கேட்பதை நான் ஒப்பமாட்டேன். எனக்கும் இனி எம்.ஆர்.ஏ. மட்டும்தான், அதுவும் சில ஆண்டுகள் கழித்து. பழைய படங்கள் பதிந்த குறுந்தகட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாதாம்.