வாரன் என்ற ஒரு சொல்

2025 ஜூலை 6, ஞாயிறு

ஸ்டீவன் எரிக்சனின் மலாசன் என்ற மிகைபுனைவு வரிசையில் முதல் நாவலான 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' (1999) நூலில் இரண்டாம் அத்தியாயத்தை இன்று முடித்தேன். பேல் நகர முற்றுகையில் டாட்டர்செயில் என்ற மந்திரவாதிப் பெண் தன் 'வாரனை'த் திறக்கிறாள். திறப்பது கதவையா, ஆற்றலையா, வேறோர் உலகத்தையா என்று ஆசிரியர் அங்கே விளக்கவில்லை. ஆங்கில அகராதியைப் புரட்டினால் முயல் வளைகளின் தொகுதி என்று பொருள் கிடைக்கிறது. நூலின் கடைசியில் உள்ள சொற்பட்டியல் டெனுல் என்பது குணப்படுத்தும் வழி, ரஷான் இருளின் வழி, மியானாஸ் நிழலுக்கும் மாயத்தோற்றத்துக்கும் உரிய வழி என்று பெயர்களை அடுக்குகிறதே தவிர, வழி என்றால் எதற்குள் செல்லும் வழி என்பது தெளிவாகவில்லை.

ஜூலை 9, புதன்

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறியதும் நோட்டை எடுத்து, வாரன் என்ற சொல்லோடு வரும் வினைகளை மட்டும் எழுதத் தொடங்கினேன். திறந்தாள், நுழைந்தான், உள்ளே நடந்தான், அதிலிருந்து ஆற்றலை இழுத்தாள். கோட்டூர்புரத்தில் இறங்குவதற்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. நடந்து போகக்கூடிய இடமாகவும், கையாளக்கூடிய ஆற்றலாகவும் ஒரே சொல் நிற்கிறது என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெயர்ச்சொல்லைத் துரத்துவதை விட்டு வினைச்சொற்களைப் பின்தொடர்வதே சரியான வாசிப்பு என்று நினைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

ரஷானும் இருள், குரால்ட் கலேனும் இருள் என்றால் இரண்டு பெயர் எதற்கு? மனிதர்களுக்கு எட்டும் வழிகள் ஒரு வகை, கதையில் வரும் டிஸ்டே ஆண்டீ, ட'லான் இமாஸ், ஜாகட் போன்ற தொல்குடிகளுக்கு உரிய மூத்த வாரன்கள் மற்றொரு வகை. குரால்ட் கலேன் டிஸ்டே ஆண்டீக்களுடையது. தெலான் ட'லான் இமாஸ்களுடையது. ஓம்டோஸ் ஃபெல்லாக் ஜாகட்டுகளின் பனி.

ஜூலை 26, சனி

அண்ணன் மகள் தொடரின் பத்து நூல்களையும் படித்தவள். வாரன் என்றால் என்ன என்று கதையில் யாருமே விளக்கவில்லையே என்று அவளிடம் குறைப்பட்டேன். "சித்தப்பா, திணைன்னா என்னன்னு எந்தத் தலைவியாவது தோழிக்கு விளக்கியிருக்காளா?" என்று கேட்டாள். நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குறிஞ்சி என்றதும் மலையும், அங்கே பூக்கும் பூவும், கூடலும் நமக்கு ஒருசேர நினைவில் எழுகின்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் பிரித்து வகுத்தது தொல்காப்பியம், ஆனால் குறுந்தொகையில் பேசுகிறவர்களுக்கு அந்தப் பிரிப்பு தேவைப்படவே இல்லை, ஏனெனில் அவர்கள் அதற்குள் வாழ்கிறார்கள். டாட்டர்செயிலும் அப்படித்தான். எரிக்சன் தொல்லியலும் மானிடவியலும் பயின்றவர் என்பதால், ஒரு மக்கள்கூட்டம் தனக்குத் தெரிந்ததைத் தனக்கே விளக்கிக்கொள்ளாது என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மூன்றாம் நூலான 'மெமரீஸ் ஆஃப் ஐஸ்' (2001) முடிந்தது. வாரன்கள் க்ரூல் என்ற மூத்த தெய்வத்தின் குருதியோடு ஒன்றானவை என்பதும், அவற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்பதும் இதில் தெரியவருகின்றன. வாரனைத் தொடும் மந்திரவாதிகள் ஏன் நோயுறுகிறார்கள் என்பது இதனால் விளங்கியது. உடனே பேல் முற்றுகையை மறுபடியும் படித்தேன். நோட்டின் முதல் வரியில் 'திறந்தாள்' என்பதற்கு எதிரே ஜூலையில் 'கதவு?' என்று எழுதியிருந்தேன். அதை அடிக்காமல், பக்கத்திலேயே 'இரத்த நாளம்' என்று எழுதி வைத்தேன்.