டைகரை அழுத்திய பன்னிரண்டு ஞாயிறுகள்

கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ‘திருவளர்ச்செல்வன்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த ‘ச்’சை இருபது வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். "என்னங்க, ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்று திரும்பச் சேர்க்கச் சொல்வார்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது என்று விளக்கினால், "முகூர்த்தத்துக்கு நாள் இல்லீங்க" என்பார்கள். சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.

நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் எழுத்தைப் பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளியும் வேலை கொடுக்கலாமே என்றுதான், 47 வயதில், தஞ்சாவூர் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு சின்ன ரேஞ்சில் ஏர் ரைஃபிள் கற்கச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதில் 45.5 மி.மீ. அகல வட்டம். நடுவில் பத்து மார்க் என்று இருக்கிற புள்ளி அரை மில்லிமீட்டர். அச்சில் முற்றுப்புள்ளி எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. ரவையின் குறுக்களவு 4.5 மி.மீ. என்பதால் ஓட்டையின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்துதான். முதல் நாள் பத்து ரவைக்கு 41 எடுத்தேன். இரண்டு ரவை அட்டையிலேயே படவில்லை.

நோட்டில் இடப்பக்கம் மார்க் எழுதினேன். வலப்பக்கம் எழுதியது என் தொழில் வியாதி: யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறார்கள் என்று. முதல் மூன்று வாரத்தில் வலப்பக்கம்தான் சீக்கிரம் நிரம்பியது. ரைபில், ரைபுள், ரப்பிள், ஒரே ஒருவர் இரைபிள். கடைசியைச் சொன்னவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தவர். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்கிற விதியை அவர் ரேஞ்ச் வாசலில் கழற்றி வைக்கவில்லை. குழலின் வாய்க்கு மஸில் என்று பெயர்; பாதிப் பேருக்கு அது மசில். "மசிலைத் தரைக்குக் காட்டு" என்று மாஸ்டர் சொன்னதும் ஒரு கல்லூரிப் பையன் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான், வேண்டுமென்றே. ரவை போய் உட்காருகிற இடமான சேம்பர் மட்டும் எல்லார் வாயிலும் சுத்தமாக வந்தது. காரணம் துப்பாக்கி இல்லை, சேம்பர் செங்கல். வீடு கட்டாத குடும்பம் ஏது?

அட்டை மாற்றுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டையா. அவருக்கு 303 துப்பாக்கி "திரி நாட்டு திரி". போலீஸில் முன்பு 410 மஸ்கட் என்று ஒன்று இருந்தது, பழைய 303 வகையை ஒற்றைத் தோட்டா போடுகிற மாதிரி மாற்றியது. அவர் அதை ‘மஸ்கட்’ என்று அழுத்திச் சொல்லும்போது, நாகப்பட்டினம் பக்கத்துப் பையன்கள் அங்கே வேலை பார்க்கிற மாமாவை நினைத்துக்கொள்வார்கள். நான் முதலில் திருத்த நினைத்தது அவரைத்தான். பிறகு, ‘ஏட்டு’ என்பதே ஹெட் கான்ஸ்டபிளின் ஹெட் நம் வாயில் விழுந்து எழுந்த கோலம் என்று ஞாபகம் வந்தது. ஏட்டையா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவரிடம் உச்சரிப்பு பேச எனக்கு நா எழவில்லை.

ஆனால் பாப்பாவிடம் எழுந்தது. அதுதான் இந்தக் குறிப்பில் எழுதவே கூச்சமாக இருக்கிற வாரம், நான்காவது.

ஒரத்தநாடு பக்கத்தில் இருந்து பஸ்ஸில் அப்பாவோடு வருகிற பெண், பன்னிரண்டு வயது. எனக்குப் பக்கத்து லேன். வந்த நாளில் இருந்து தொணதொணவென்று கேள்வி. "மாமா, மூச்சை எப்ப நிறுத்தணும்?" "மாமா, எடது கண்ணை மூடலாமா?" அன்றைக்குக் கேட்டது: "மாமா, இந்த டைகர் ஏன் இவ்ளோ டைட்டா இருக்கு?"

"டைகர்னா புலி பாப்பா. இது ட்ரிகர். சொல்லு பாப்போம், ட்ரி-கர்."

சொன்னாள். இரண்டு தரம் சொல்ல வைத்தேன். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஒருத்தன் உறுமினான். அவள் திரும்பி அட்டையைப் பார்த்தாள். அப்புறம் அன்று முழுவதும் என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை. அடுத்த வாரம் கேள்விகள் ஏட்டையாவிடம் போயின. அவர் "அந்த டைகரைப் பிடுங்காதேம்மா, வெண்ணெய் மேல விரல் வைக்கிற மாதிரி அழுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஐந்து வாரமாக விசையை வெடுக்கென்று இழுத்து, ரவை எல்லாம் வலது கீழே போய்க்கொண்டிருந்தது. காதில் விழுந்த அந்த வெண்ணெயை நானும் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு 63.

இதற்கு நடுவில் புல்லட் கதை. ரவை தீர்ந்துவிட்டது என்று எங்களோடு கற்கிற இன்னொருவர் திருச்சியில் ஒரு கடையில் போய், "நானூத்தி அம்பது ரூபாய்க்குள்ள புல்லட் டப்பா ஒண்ணு" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் முகம் மாறி, "லைசென்ஸ் காட்டுங்க" என்றாராம். இவருக்கு வேண்டியது பெல்லட், அதற்கு உரிமம் தேவையில்லை, புல்லட்டுக்குத் தேவை. கடைசியில் கடைக்காரரே, "ஏர் கன்னுக்கா? ரவைன்னு கேட்கலாம்ல" என்று எடுத்துக் கொடுத்தாராம். எங்கள் பக்கம் புல்லட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 303-ஐ வடிவமைத்த ஆயுதச் சாலை இருந்த ஊர் என்ஃபீல்டு. அந்த ஆலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த கம்பெனிதான் ராயல் என்ஃபீல்டு. 1955-ல் மதராஸில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். ஏட்டையா வேலையில் அந்த ஊர்த் துப்பாக்கியைத் தூக்கி, வீட்டுக்கு அந்தப் பேர் வண்டியில் போனவர்.

டப்பா மேல் ஒட்டியிருந்த ‘டயாபொலோ’வை ஆளுக்கு ஒரு விதமாகப் படித்தார்கள். டையப்லோ, டயாபோலோ, டியாபாலோ. ரவையின் வடிவத்துக்கு அது பெயர். ஏட்டையா ஒன்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். முனை தட்டை, காகிதத்தில் ஓட்டை பிசிறில்லாமல் விழுவதற்காக. இடுப்பு ஒடுக்கம், பின்பக்கம் பாவாடை மாதிரி விரிவு. "உடுக்கைதானே இது?" என்றார். அன்றோடு பஞ்சாயத்து தீர்ந்தது. இப்போது எங்கள் ரேஞ்சில் உடுக்கை என்றால் எல்லாருக்கும் தெரியும். ஈயம் என்பதால் உடுக்கை எடுத்த கையோடு டீ குடிக்காதே என்பது இன்னொரு விதி.

ஏழாம் வாரம் மாஸ்டரையே திருத்தினேன். ரேஞ்சில் உசத்தியான துப்பாக்கி ஒன்றே ஒன்று, ஜெர்மன் வால்தர். ஜெர்மனில் அந்தத் ‘த’ கிடையாது, வால்ட்டர் என்பார்கள். தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். மாஸ்டருக்கு இருபத்தாறு வயது. "சார், அவங்க ஊர்க்காரன் தஞ்சாவூரைச் சரியாச் சொல்லட்டும், அப்புறம் நான் மாத்திக்கிறேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். தஞ்சாவூர் டாஞ்சூர் ஆனது, திருச்சிராப்பள்ளி டிரிச்சினாபோலி ஆனது. கொள்ளிடத்தைக் கோலரூன் ஆக்கினார்கள்; அந்தப் பெயரில் ஓர் ஆறு இருப்பதாகக் கேட்டால் கரையோரக்காரர்களுக்கே தெரியாது. 1620-ல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிய டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடி, டிராங்கபார். ஒருவரும் அவர்களை நிறுத்தி, "தரங்-கம்-பாடி, சொல்லு பாப்போம்" என்று சொல்ல வைத்ததாகத் தெரியவில்லை. இங்கிலீஷ்காரனோ தன் மொழியிலேயே கலோனல் என்று எழுதிவிட்டுக் கர்னல் என்கிறான்.

அடுத்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் ஏட்டையாவும் நானும் கீழவாசல் பீரங்கி மேட்டுக்கு ஒரு நடை போய் வந்தோம். ராஜகோபால பீரங்கி. வார்ப்பு இல்லை, இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் சேர்த்து, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கிய வேலை. கிட்டத்தட்ட இரண்டு மாட்டு வண்டி நீளம். வெயிலில் தொட முடியவில்லை. பீரங்கி, பரங்கி இரண்டும் ஐரோப்பியரைக் குறிக்கும் ‘ஃபிரங்கி’யில் இருந்து வந்தவை. ஒரே சொல்லை நம் ஆட்கள் இரண்டு விதமாகத் தப்பாகச் சொல்லி, ஒன்றை ஆயுதமாகவும் ஒன்றைக் கூட்டுக்கு நறுக்குகிற காயாகவும் ஆக்கிவிட்டார்கள். துப்பாக்கியும் துருக்கி வழி வந்த சொல்தான். நாம் சொல்கிற விதத்தைக் கேட்டால் ஒரு துருக்கியர் சிவப்புப் பேனாவைத் தேடுவார். ஏட்டையாவிடம் இதைச் சொன்னேன். "பரங்கிக்காயிலே இவ்ளோ இருக்கா?" என்றுவிட்டு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்பதாம் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ரேஞ்சில் அட்டை மாற்ற ஆள் நடந்துதான் போக வேண்டும். அதற்கு முன் எல்லாரும் சேம்பரைத் திறந்து, ரவை இல்லை என்று பார்த்து, குழல் வழியே ஆரஞ்சு நாடாவைச் செருக வேண்டும். அது இரண்டு பக்கமும் தொங்கினால் துப்பாக்கி வெறுமை என்று தூரத்தில் இருந்தே தெரியும். ஏட்டையா "கிளியரா?" என்று கேட்பார். வரிசையாக "கிளியர்" என்போம். அவர் நடப்பார்.

அன்று நாலாவது லேனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். நன்றாகப் படித்தவர், பெரிய பொறுப்பில் இருப்பவர். அவருடைய ரைஃபிளில் ‘ஃபி’ ஃபியாகவே இருக்கும். மஸிலில் அந்த ‘ஸி’ வண்டு மாதிரி ரீங்கரிக்கும். என் நோட்டின் வலப்பக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. ஏட்டையா "கிளியரா சார்?" என்றார். அவர் பின்பக்கத் துளையில் கண்ணை வைத்தபடியே, "கிளியர்" என்றார். அழகான உச்சரிப்பு.

ஏட்டையா நாலு எட்டு வைத்திருப்பார். "ஸ்டாப்!" என்று மாஸ்டர் கத்தினார். நாலாவது லேனில் குழலின் வாயில் நாடா இல்லை. துப்பாக்கி இன்னும் தோளில். ஏட்டையா அப்படியே பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டார், இத்தனை வருடப் பழக்கம். மாஸ்டர் போய்ப் பக்குவமாகக் குழலைத் திருப்பி, சேம்பரைத் திறந்து காட்டினார். உள்ளே உடுக்கை உட்கார்ந்திருந்தது.

"குறி கிளியராத் தெரியுதான்னு கேக்கறார்னு நெனச்சேன்" என்றார் அந்த மனிதர். முகம் வெளிறிவிட்டது. அவர் மேல் தப்பு சொல்லவும் முடியவில்லை. கண்ணாடிக் கடையிலும் கண் ஆஸ்பத்திரியிலும் கிளியர் என்றால் அதுதானே அர்த்தம்? ஏட்டையா வெளியே வந்த பிறகு, உள்ளே இருந்த ரவையை அட்டையில் சுட்டுக் காலி செய்யச் சொன்னார்கள். கை நடுங்கிக்கொண்டே சுட்டார். எட்டில் விழுந்தது.

நான் அன்றைக்கு அப்புறம் சுடவில்லை. பாப்பாவின் லேனைப் பார்த்தேன். நாடா இரண்டு பக்கமும் ஒரே அளவு தொங்கியது. விரல் டைகரின் மேல் இல்லை, கட்டையின் பக்கவாட்டில் நீட்டியிருந்தது. சொல்லிக் கொடுத்த நாளில் இருந்து அப்படித்தான்.

மறு வாரத்தில் இருந்து "கிளியரா?" கிடையாது. "காலியா? நாடா போட்டாச்சா?" இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ‘காலி’யும் அரபு தேசத்தில் இருந்து வந்தது என்று சொல்ல நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நோட்டின் வலப்பக்கத்தையும் அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் வியாதி போய்விடும் என்றில்லை. யாராவது ரப்பிள் என்றால் இன்றைக்கும் கட்டைவிரல் பேனா மூடியைத் தேடுகிறது.

பதினோராம் வாரம் தேநீர் வேளையில், பையன் ஒருவன் இளவேனில் வளரிவன் என்று பேசிக்கொண்டிருந்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் ஏர் ரைஃபிள் சுட்டவர். இங்கே மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வளரிவன் இல்லை தம்பி, வாலறிவன். குறளின் முதல் அதிகாரத்தில், இரண்டாவது குறளிலேயே வருகிற சொல் என்றேன். அது அவர் அப்பாவின் பெயர். துப்பாக்கிச் சொல் எப்படி வேண்டுமானாலும் உருளட்டும், ஒருவர் பெயர் உருளக் கூடாது என்பது பத்திரிகை அடித்து அடித்து எனக்கு ஊறிப்போனது. பையன் முறைக்கவில்லை. "கொறள்ல வருதா!" என்று நாலு பேரிடம் போய்ச் சொன்னான்.

பன்னிரண்டாவது ஞாயிறு, அதாவது நேற்று, 84. வலது கீழே போகிற பழக்கம் ஏறக்குறைய போய்விட்டது. பாப்பா 91. கிளம்புகிற நேரத்தில் என் லேனுக்கு வந்து, "மாமா, அடுத்த வாட்டி உங்க டைகரை நான் ஒருக்கா அழுத்திப் பாக்கவா? என்னுது டைட்டு" என்றாள்.

"பாரேன்" என்றேன்.

ஏட்டையா பதிவேட்டில் என் மார்க்கை ஏற்றச் சொல்லி நீட்டினார். அவர் கையெழுத்தில் அன்றைய பக்கம்: ‘ரைபில் 5, நாடா 5, உடுக்கை டப்பா 3.’ அதற்குக் கீழே வந்தவர்கள் பெயர். பாப்பாவின் பெயரில் ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் இருந்தது. சட்டைப் பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்திவிட்டு, 84 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.