‘பெருமாளே’ என்று முடிகிறதா?

மைக்செட்டில் எப்போதோ கேட்ட பாட்டு. நடுவில் இரண்டு சொல் மட்டும் நாக்கில் நிற்கிறது, எந்தப் படம், யார் எழுதியது என்று பிடிபடவில்லை. இந்த நிலையில் எல்லாரும் முதல் வரியைத்தான் தேடுவார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி. பாட்டின் வேர் பழைய பக்தி நூலில் இருந்தால் முடிவிலிருந்து தேடுங்கள். பாடியவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.

‘பெருமாளே’ என்று முடிந்தால் பெரும்பாலும் அருணகிரிநாதர் முருகன்மேல் பாடிய திருப்புகழ். அதற்கு முன்னால் உள்ள சொல்லைப் பிடித்தால் ஊரும் கிடைத்துவிடும். ‘தென்பரங் குன்றிற் பெருமாளே’ என்றால் நம் திருப்பரங்குன்றம். அந்தப் பாட்டு ‘சந்ததம் பந்தத் தொடராலே’. ‘சோலை மலைமிசை மேவு பெருமாளே’ என்றால் அழகர்மலையில் இருக்கும் பழமுதிர்சோலை, அது ‘அகரமுமாகி’. சொல்லே ஞாபகம் இல்லை, ஓட்டம் மட்டும் காதில் இருக்கிறதா? கவலை வேண்டாம். திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சந்தக் குறிப்பு அச்சிட்டிருக்கும். ‘சந்ததம் பந்தத் தொடராலே’ என்பதன் மேலே ‘தந்தனந் தந்தத் தனதானா’ என்று இருக்கும். காதில் நிற்கும் ஓட்டத்தை இப்படித் தன்னானாவாக எழுதிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

மதுரைக்காரர் டி.எம்.சௌந்தரராஜன் 1964-இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் பாடிய ‘முத்தைத்தரு’வைச் சினிமாக் கவிஞர் எழுதியதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் திருப்புகழ்தான், ‘பொரவல பெருமாளே’ என்று முடிகிறது. ஆனால் இதன் முடிவில் ஊர்ப்பெயர் கிடையாது, அதனால் ஊரை வைத்துத் தேடினால் சிக்காது. இன்னொரு சிக்கல், பலர் ‘முத்தைத் தரு பக்தி’ என்று தட்டச்சு செய்வது. அங்கே இருப்பது ‘பத்தி’. பத்தி என்றால் வரிசை: முத்துப் போன்ற பல்வரிசை தெரியும் சிரிப்பு. பொருள் தெரிந்துவிட்டால் எழுத்தும் தப்பாது.

சம்பந்தர் தேவாரத்துக்கு அடையாளம் இன்னும் உறுதியானது. பதினோரு பாட்டு கொண்ட பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவதில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் அடிமுடி தேடிய பிரமனும் திருமாலும், பத்தாவதில் சமணரும் தேரரும் (பௌத்தரும்), பதினொன்றாவதில் ‘ஞானசம்பந்தன்’ என்ற பெயர். ‘ஆலவாயான்’ என்று காதில் விழுந்தால் மதுரை மீனாட்சி கோயில் பாட்டு, ஆலவாய் என்பது மதுரையின் பழைய பெயர். ‘மந்திரமாவது நீறு’ பதிகத்தை முதலில் பாருங்கள்.

‘ஏலோர் எம்பாவாய்’ மட்டும் ஞாபகம் இருந்தால் அவசரப்பட்டுத் திருப்பாவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திருப்பாவை 30 பாட்டு, திருவெம்பாவை 20 பாட்டு, இரண்டும் அப்படித்தான் முடியும். மாயன், நாராயணன் என்று வந்தால் ஆண்டாள். சோதி, சிவன் என்று வந்தால் மாணிக்கவாசகர்.

அபிராமி அந்தாதி அமைப்பே தேடுவதற்குக் கைகொடுக்கும். முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடியும், அடுத்தது ‘துணையும்’ என்று தொடங்கும். ஒரு பாட்டின் கடைசிச் சொல் தெரிந்தால் அடுத்த பாட்டின் தலை கையில் இருக்கிறது.

சினிமாவில் ஒரு விலக்கு உண்டு: பழைய வரியைத் தொகையறாவாக, அதாவது தாளம் இல்லாமல் பாடும் தொடக்கமாக, முன்னால் வைத்துவிடுவார்கள். 1982-இல் வந்த ‘தாய் மூகாம்பிகை’ படத்தின் ‘ஜனனி ஜனனி’க்கு முன்னால் வருவது சௌந்தர்ய லஹரியின் முதல் சுலோகம், அதற்குப் பிறகுதான் வாலியின் வரிகள். ஆகவே தாளம் சேருவதற்கு முந்தைய பகுதியைத் தனிப் பாட்டாக நினைத்துத் தேடுங்கள்.

படத்தையே மூலம் என்று நம்புவதும் தவறாகப் போகும். ‘பிச்சைப் பாத்திரம்’ பலருக்கு 2009-இல் வந்த ‘நான் கடவுள்’ பாட்டு. அது அதற்கு முன்பே இளையராஜாவின் ‘ரமண மாலை’ தொகுப்பில் இருந்தது. 1896-இல் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் மரண அனுபவம் பெற்ற அதே ரமணருக்கான மாலை.

ஆங்கிலப் பாட்டுக்கும் இந்த வழி பலிக்கும். போனி எம் குழு 1978-இல் பிரபலமாக்கிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ 1970-இலேயே ஜமைக்காவின் மெலோடியன்ஸ் பாடியது. அதில் சீயோன் என்ற ஒரு பெயர் பிடிபட்டால் போதும், தமிழ் வேதாகமத்தில் சங்கீதம் 137-க்குப் போய்விடலாம்: ‘பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.’ வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் என்று வரும் பகுதி மட்டும் அங்கே கிடைக்காது. அது சங்கீதம் 19-இன் கடைசி வசனம்.

இணையத்தில் தேடும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு விதமாகத் தட்டுங்கள். திருப்புகழைச் சந்தத்துக்கு வெட்டி ‘அகரமு மாகி யதிபனு மாகி’ என்றுதான் பல இடங்களில் போட்டிருப்பார்கள். ‘அகரமும் ஆகி அதிபனும் ஆகி’ என்று தேடினால் அது வராமல் போகலாம். ஒற்றெழுத்தில் சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லிலிருந்து தேடுங்கள்.