இரண்டு ரசம்

எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் அம்மா முதலில் அடுப்பில் ஏற்றுவது பூண்டு ரசம்தான். புளியைத் தண்ணியாகக் கரைத்து, மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாக நுணுக்கி, பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டு, நுரை கட்டும்போது இறக்கி, கடைசியில் நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாராளமாகப் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுவார். குழைந்த சோற்றில் அந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுத்தான் மூன்று வருஷம் பிழைத்துக் கிடந்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் படுக்கவைத்த சாமான் அந்தத் தாளிப்பிலும் இருந்தது.

நான் திருச்சியில் அறிவியல் டீச்சர். 2019-ல் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நம் ஊரில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் அந்த வீட்டுக்கே ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி ஆகிவிடும். ஆளுக்கு ஒன்றாகச் சமைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? காலையிலும் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் கோதுமை ரவை உப்புமா, இல்லையென்றால் கோதுமை தோசை. உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் சாப்பிட்டோம். அடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டாவது மாடி வகுப்புக்குப் போக வழியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியதாயிற்று.

ஹீமோகுளோபின் 7.6. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஏறவில்லை. டிரிப்ஸில் இரும்பு ஏற்றினார்கள். பத்தைத் தொட்டது, நாலே மாதத்தில் பழையபடி இறங்கியது. வாய்ப்புண் ஆறவே ஆறாது. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்ளும், கடைசி பீரியட் முடிவதற்குள் பாத்ரூமுக்கு ஓட வேண்டும். நான் பார்த்த டாக்டர்களில் ஒருவர், "வேலைக்குப் போற லேடீஸ் எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, டென்ஷன்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டபோது வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது. நானே இல்லாத நோயை இழுத்துப் போட்டுக்கொள்கிறேனோ என்று என்னையே சந்தேகப்பட வைத்த சீட்டு அது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு மால்ட் பாட்டில் வாங்கி வந்தார்கள். மாமியார் சம்பா கோதுமையும் பார்லியும் சேர்த்து வறுத்துத் திரித்த சத்துமாவைக் கஞ்சி காய்ச்சி, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். அந்த அன்புக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டவள். ஆனால் அந்த டம்ளரிலும் பாட்டிலிலும் இருந்தது என் குடலுக்கு ஆகாத தானியம்.

2021 கடைசியில் ஒரு இளம் குடல் டாக்டர்தான், "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்: டிடிஜி ஐஜிஏ. ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. அந்த லேபில் 20-க்குள் இருந்தால் சரி, எனக்கு 100-க்கு மேல் என்று வந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்து பயாப்ஸி. சீலியாக் நோய் என்று உறுதியானது.

ரிப்போர்ட்டில் இருந்த படத்தை டாக்டர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். குடலுறிஞ்சிகளைக் கரும்பலகையில் எத்தனை வருஷமாக வரைகிறேன்! விரல் விரலாக நிற்கும், அவற்றின் வழியாகத்தான் சத்து ரத்தத்தில் சேரும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். படத்தில் அந்த விரல்கள் இல்லை. அறுப்பு முடிந்த வயல் மாதிரி மொட்டையாக இருந்தது. வயிற்றுக்குள் போட்ட இரும்பு மாத்திரை எங்கே போய் ஒட்டும்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசித் துணி மாதிரி விரிக்கும்போது அது கிழியாமல் இழுபடுகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது குளூட்டன்தான். அரிசி மாவில் அந்த வித்தை நடக்காது. சீலியாக் உள்ளவர்களுக்குக் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரும்பிச் சொந்தக் குடலையே தாக்கும். இது ஒவ்வாமை இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழக்கிக்கொள்கிற விஷயமும் இல்லை. மருந்தும் கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களை விடுவது ஒன்றே வழி. இதைக் கண்டுபிடித்தவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமை மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி அரிதாகிப் போனபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். ஊரே பட்டினி கிடந்த குளிர்காலத்தில் சில பிள்ளைகள் மட்டும் தேறினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

"சோறு திங்கிற ஊர்ல இந்த நோய் எப்படி?" என்று கேட்காதவர்கள் இல்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இந்தியாவில் மூன்று பகுதிகளில் ரத்தம் சோதித்தார்கள். இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கே நூற்றில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வேறுபட்டது கோதுமைதான்: வடக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். இன்றைக்கு எத்தனை வீட்டில் ராத்திரி சப்பாத்தி என்று எண்ணிப் பாருங்கள். நம் டாக்டர்களும் இனி இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்.

சப்பாத்தி, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் அன்றைக்கே விட்டேன். அது கஷ்டமாகவே இல்லை. இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், கம்பு அடை, சாமைச் சோறு என்று நமக்கு என்ன குறைச்சல்? ஆனால் ஏழு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் அந்த டிடிஜி எண் 64. வயிறும் முழுசாக அடங்கவில்லை. வாயில் போடுவது அத்தனையையும், மோர் உட்பட, இரண்டு வாரம் எழுதி வரச் சொன்னார் டயட்டீஷியன். நோட்டைப் புரட்டிவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பெருங்காயம்?"

வீட்டுக்கு வந்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்தேன். அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பொடி எழுத்தை விரலால் தடவித் தடவி வாசித்தார். கருவேலம் பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். பெருங்காயம் மூன்றாவதாகத்தான் இருந்தது. சுத்தமான பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் ஒரு செடியின் வேர்ப்பால். அதன் காட்டமும் பிசுபிசுப்பும் தாங்காது என்பதால் மாவும் பிசினும் சேர்த்து விற்கிறார்கள். நெடுநாள் வழக்கம் அது, டப்பாவிலும் ஒளிக்காமல் போட்டிருக்கிறது. நாங்கள்தான் ஒரு நாளும் வாசித்ததில்லை.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்போ நான் வச்சுக் குடுத்த ரசத்துலயாம்மா?"

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"வயிறு சரியில்லன்னு சொல்லச் சொல்ல, ஒரு சிட்டிகை கூடப் போட்டேனே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசியில் பெருங்காயம் இருந்தது.

மூன்று மாதம் பெருங்காயமே இல்லாமல் ரசம் வைத்தார். அதன் பிறகு மாவு கலக்காத பால் பெருங்காயம் வரவழைத்தோம். பழுப்பு மெழுகு மாதிரி இருக்கும். மூடிக்குள் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்தும் அலமாரி முழுக்க வாசனை. அம்மா கத்தி முனையில் கடுகளவு கிள்ளி, ஒரு கரண்டி வெந்நீரில் போடுவார். ஒரு மணி நேரத்தில் கரைந்து பால் நிறமாக நிற்கும் அந்தத் தண்ணீரில் அரைக் கரண்டிதான் ஒரு பாத்திரம் ரசத்துக்கு. முதல் தடவை அளவு தெரியாமல் போட்டு வாயில் வைக்க முடியாமல் போனது. இப்போது கை பழகிவிட்டது.

இன்னொரு ரசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் கொடுக்கும் அப்பம் கோதுமை அப்பம். கோயிலில் இரசம் என்றால் திராட்சை இரசம். நோய் தெரிந்த பிறகு ஐந்து மாதம் பூசைக்குப் போவேன், நன்மை, அதாவது அந்த அப்பத்தை, வாங்க எழுந்து போகமாட்டேன். எல்லாரும் வரிசையில் போக நான் மட்டும் பெஞ்சில் முட்டி போட்டிருப்பேன். பக்கத்து வரிசைப் பாட்டி ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "பாவசங்கீர்த்தனம் பண்ணலையாம்மா?" நன்மை வாங்காதவளைப் பார்த்தால், பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காதவள் என்றுதானே ஊருக்குத் தோன்றும். எட்டு வயசில் வெள்ளைக் கவுன் போட்டுப் புது நன்மை வாங்கிய நாளிலிருந்து விடாத பழக்கம், ஒரு நோயால் விட்டுப்போயிற்றே என்ற வலி அந்தக் கேள்வியில் தாங்க முடியாமல் போனது.

பூசை முடிந்து ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் இந்த நோயைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒரு வாரம் குடுங்க டீச்சர், படிச்சிட்டுச் சொல்றேன்" என்றார். படித்துவிட்டுச் சொன்னார். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் பூசைக்குச் செல்லுபடியாகாது. 2003-லும் 2017-லும் ரோமிலிருந்து வந்த கடிதங்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரசத்தை மட்டும் வாங்கலாம். அப்பத்திலோ இரசத்திலோ, எதில் வாங்கினாலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. ஒரே ஒரு சிக்கல்: பூசையில் ஃபாதர் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கை இரசக் கிண்ணத்தில் போடுவார். ஆகவே எனக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணம் பீடத்தில் இருக்க வேண்டும். அதையும் அவரே யோசித்துச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன். ஒரு மிடறு. இனிப்பும் துவர்ப்புமாகத் தொண்டையில் இறங்கியது. இடத்துக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மற்றதெல்லாம் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. கோதுமை அரைத்த மெஷினில் அரிசி அரைத்தால் ஆகாது என்பதால் மில்லுக்குப் போவதில்லை, வீட்டிலேயே சின்ன மெஷின். ஹோட்டலில் பச்சரிசி தோசைகூட வேண்டாம், ரவா தோசை வார்த்த அதே கல். கல்யாண வீட்டுக்கு டிபன் பாக்ஸோடு போவேன். கிறிஸ்துமஸுக்குக் கலகலா கிடையாது, அதிரசம் உண்டு. கடையில் குளூட்டன் ஃப்ரீ என்று போட்டு விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் விலை கட்டுப்படியாகாது, எனக்குப் பெரிதாகத் தேவையும் இல்லை. போன ஜூனில் ஹீமோகுளோபின் 12.4. இரண்டாவது மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை அசையாமல் இருந்தால் இந்த டிடிஜி பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகம் வந்தவுடன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். உங்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் பாருங்கள், இப்படி நெருங்கிய ரத்த உறவில் பத்தில் ஒருவர் வரைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. என் மகனுக்கு இல்லை என்று வந்தது. வளர வளரத் திரும்பவும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற மே மாதம் எங்கள் ஃபாதருக்கு மாற்றல். புதிதாக வருகிறவருக்குக் கொடுக்க ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்: தனிக் கிண்ணம், அதில் துணுக்கு போடக்கூடாது, அப்பம் தொட்ட விரலால் அதைத் தொடக்கூடாது. நேற்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "கிண்ணத்தைத் தொடைக்கிற துணியும் தனியா இருக்கணும்னு எழுதும்மா" என்றார். எழுதிக்கொண்டேன்.