தஞ்சாவூரில் எங்களிடம் இந்தி பேசிய ஆட்டோக்காரர்

டெல்டா பக்கம் போகிறேன் என்றதும் செலவுக் கணக்கும் பஸ் விவரமும் எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த ஆட்டோக்காரர் விஷயத்தைக் கொட்டிவிட வேண்டும். ஊர் திரும்பியும் எரிச்சல் தீரவில்லை.

தஞ்சாவூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறோம். என்னுடன் வந்த தோழி மதுரைக்காரி, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள். வடக்கிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் பாஷை அது, கேட்பவர்களுக்கு இந்தி மாதிரி இருக்கும். வந்து சேர்ந்த விவரத்தை அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டபடியே பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் சடாரென்று இந்திக்கு மாறிவிட்டார். ‘படா மந்திர்’ போக ‘தீன் சௌ’வாம். பெரிய கோயில் என்ன பக்கத்து ஜில்லாவிலா இருக்கிறது? பை கனமாக இல்லையென்றால் நடந்தே போய்விடலாம்.

இவள் போனை வைத்துவிட்டு, "என்னண்ணே, இந்தா இருக்க கோயிலுக்கு முந்நூறா?" என்றாள். அசல் மதுரை. அவர் ஒரு நிமிஷம் முழித்தார். "தமிழாம்மா நீங்க? முன்னாடியே சொல்லக் கூடாதா? நூறு குடுங்க."

நான் ஏறப் போனேன். இவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்ப இந்தி பேசுறவங்க வந்தா முந்நூறு, அப்படித்தானேண்ணே?" அவருக்கு அது காதில் விழவில்லை. நடந்தே போனோம். நூறு ரூபாய் மிச்சம். ஆனால் வழியெல்லாம் அவள் பேசவில்லை. "நீங்க தமிழா" என்ற கேள்வியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருக்கிறது. பிளஸ் டூ தமிழில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். உச்சரிப்பு என்றால் நாம் எல்லோரும் உதாரணம் காட்டும் டி.எம்.சௌந்தரராஜனும் அவள் ஊர்க்காரர், சௌராஷ்டிரக்காரர்தான்.

பெரிய கோயிலில் கூட்டம், வெயில், செருப்பு விடும் இடத்தில் தள்ளுமுள்ளு. அதை விடுங்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ராஜராஜன் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்காமல் வராதீர்கள். யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதில் தொடங்கி, கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் இருந்த தெரு, வீடு வரைக்கும் கல்லில் இருக்கிறது. 1010இல் கட்டி முடித்த கோயில். எனக்கு ‘ட’வும் ‘ப’வும் பிடிபட்டன, நடுவில் ஒன்றிரண்டு சொல். அதற்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தில் நாலைக் கூட்டிப் படிக்க முடிகிறதே என்று கர்வமாகவே இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அப்புறம் தென்மேற்கு மூலைக்குப் போனோம். திருச்சுற்றுச் சுவரில் வேறு எழுத்து. மராத்தி. தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் தன் போன்சலே வம்சத்தின் கதையை அங்கே வெட்டி வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவருக்கும் அதன் நீளம் மலைப்புத் தரும். நாங்கள் நின்ற நேரத்தில் பக்கத்தில் ஒருவர் தன் பையனிடம் "இது என்னமோ இந்திடா, வா" என்று நகர்த்திக்கொண்டு போனார். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.

சரஸ்வதி மகால் நூலகத்திலும் இதே கதைதான். தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதச் சுவடிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சரபோஜி வைத்திய முறைகளைத் தமிழ்ப் பாட்டாகவும் எழுத வைத்தவர். அவருக்கு முன்னால் ஆண்ட சகஜி மன்னர் ஒரு நாடகத்தையே ஐந்து பாஷையில் எழுதிவிட்டார், பெயரே பஞ்சபாஷா விலாசம். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம். பார்த்தவர்கள் பாதிக்குமேல் புரியாமலா உட்கார்ந்திருப்பார்கள்? அந்தக் காலத்துத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நம்மைவிடக் காது பெரிது என்று நினைக்கிறேன்.

திருவையாற்றுக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை, அந்தப் பணம் நேராக அசோகாவுக்குப் போனது. பாசிப்பருப்பில் செய்யும் இந்த அல்வாவை வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தந்தார்கள். நெய் இலையைத் தாண்டி விரல் வழியாக முழங்கை வரை வழிந்தது. விரலால் வழித்தால் பிசுபிசுப்பே இல்லாமல் நழுவியது. இரண்டாவது தடவை வாங்கப் போகும்போது பட்ஜெட் நினைவு வந்தது. வந்து என்ன, வாங்கிவிட்டோம்.

அங்கே தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையில் இருக்கிறது. காவிரிக் கரையில் உட்கார்ந்து தெலுங்கில் பாடியவர். எனக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது, ஆனால் பாட்டு பிடிக்கும். அதே நேரம் ஒரு ஆதங்கமும் உண்டு. தியாகராஜருக்கு முன்பே இதே வட்டாரத்தில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று மூன்று பேர் தமிழில் கீர்த்தனை பாடியிருக்கிறார்கள். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாகத் தள்ளியபோது கோபம் வந்துதான் 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார்கள். அது நியாயமான கோபம். தெலுங்குப் பாட்டை நிறுத்து என்று கேட்கவில்லை, எங்கள் பாட்டுக்கும் நடுவில் இடம் கொடு என்று கேட்டார்கள். இவளிடம் சொன்னேன். "எங்க பாஷைக்குத் துக்கடா இடங்கூடக் கிடையாதுடி" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

கும்பகோணம். தங்கின லாட்ஜ் பெயரைச் சொல்லமாட்டேன். பாத்ரூம் குழாய் ராத்திரி முழுக்கச் சொட்டியது, அதற்கு வாடகை வேறு கேட்ட மாதிரி ஒரு பில். கீழே ஓட்டலில் மெனு கார்டு முழுக்க இங்கிலீஷ். இட்லியும் கடப்பாவும் அதில் ஒரு மூலையில் இருந்தன. சப்ளையர் தம்பி பக்கத்து கிராமம், எங்களிடம் "வாட் வாண்ட் மேடம்" என்கிறார். தமிழ்ப் பற்று உள்ளவர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று அவளிடம் பெரிதாகப் பிரசங்கம் செய்தேன். "சரி சரி, இட்லி ஆறுது" என்றாள். கடப்பா அபாரம். கசகசாவும் தேங்காயும் அரைத்துவிட்ட குழம்பில் உருளைக்கிழங்கு கரைந்தே போயிருந்தது. கசகசா வாசம் கையைக் கழுவின பிறகும் இருந்தது.

அடுத்து பட்டு. திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, விலையும் அதற்கேற்ற மாதிரி. நான் ஒரு புடவையைத் தடவிப் பார்த்து விலை கேட்டுவிட்டு, மடித்து வைத்துவிட்டேன். இவள் கடைக்காரப் பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டாள். அவ்வளவுதான், அவர் எழுந்தே விட்டார். உள்ளேயிருந்து அம்மாவையும் கூப்பிட்டார். காப்பி வந்தது. அரை மணி நேரம் மூன்று பேரும் பேசினார்கள், நான் புடவைகளின் முந்தானையை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது.

பெரியவர் என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: "எங்க எம்.வி.வெங்கட்ராம் தெரியுமில்ல? ஜரிகை வியாபாரம் பண்ணிக்கிட்டே தமிழ்ல எழுதினாரு. சாகித்திய அகாதமி குடுத்தாங்க." கும்பகோணத்துக்காரர், 1993இல் பரிசு. எனக்குத் தெரியும், ஆனால் வீட்டில் சௌராஷ்டிரம் பேசியவர் என்பது மனதில் பதிந்ததே இல்லை. புடவைக்கு எனக்கும் அறுநூறு குறைத்தார். வாங்கவில்லை, கையில் இல்லை. அவள் வாங்கினாள்.

தரங்கம்பாடிக்குப் போன பஸ்ஸைப் பற்றி: மயிலாடுதுறையில் ஏறினோம், ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது, எங்கள் சீட் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் சாய்ந்தது. கண்டக்டர், "பிடிச்சு உக்காருங்கம்மா, அது அப்படித்தான்" என்றார். இறங்கும்போது இடுப்பு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஆனால் கடற்கரையில் அந்த டேனிஷ் கோட்டையைப் பார்த்ததும் மன்னித்துவிட்டேன். 1620இல் கட்டத் தொடங்கியது. அந்த வருஷம் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் கடிதம் அனுப்பினார். அது இன்றைக்கும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கடிதம் தமிழில், கையெழுத்து தெலுங்கில். இதைச் சொன்னபோது இவள் "ஆட்டோக்காரர்கிட்ட இதைச் சொல்லியிருக்கணும்" என்றாள். 1706இல் வந்த சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியாரும் இங்கேதான் மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். பிறகு தமிழில் புதிய ஏற்பாட்டை இங்கேயே அச்சடித்தார். அவர் கட்டிய தேவாலயம் இன்னும் இருக்கிறது.

செலவுக் கணக்கா? நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அசோகா நெய்யில் பாதி அழிந்துவிட்டது. தோராயமாக: தங்குமிடத்துக்கு அதிகம், பஸ்ஸுக்குச் சொற்பம், ஆட்டோவுக்குப் பூஜ்யம். கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை கொண்டுபோங்கள். மயிலாடுதுறை திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள்.